பாரத்துக்கேற்ற வண்டி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்குப் பெரிய லொறிகள் புதியன அல்ல. சீனக்குடாவிலுள்ள மா ஆலையிலிருந்தும் சீமெந்து ஆலையிலிருந்தும் எண்ணெய்த் தாங்கிகளிலிருந்தும் புறப்படும் வண்டிகள், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகத் தலைநகரை நோக்கி இரவும் பகலும் ஓடுகின்றன. இவற்றுட் பல, முன்னே இழுவை வண்டியும் பின்னே நீண்ட ட்ரெயிலருமாக இரண்டு துண்டுகளாக அமைந்தவை. முன்னால் உள்ளதைத் தொழிலாளர் 'பிரைம் மூவர்' என்பர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, அத்தகைய வண்டியொன்றைச் சொந்தமாக்கிக்கொண்டு பிழைக்க எண்ணுவோர் இம்மாவட்டத்தில் எப்போதும் உண்டு.

வண்டி வாங்கச் செல்பவர் தரகரிடம் முதன்முதற் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எஞ்சின் எத்தனை பரிவலு?" முந்நூறு என்றால் முகம் மலர்கிறது, நானூறு என்றால் கை பணப்பையை நாடுகிறது. இக்கேள்வி பிழையான கேள்வியன்று. ஆயினும் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியும் அன்று. பாரத்தை இழுப்பது வண்டியின் வேலைகளுள் ஒன்று மாத்திரமே. அப்பாரத்தின் ஒரு பங்கைத் தன் முதுகில் தாங்குவதும், வேண்டிய இடத்தில் அதனை நிறுத்துவதும் அதனினும் அரிய வேலைகள். வண்டியைத் தேர்பவர் இம்மூன்றையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நெல் மூட்டைகளை ஏற்றும்போது வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மூட்டைகள் முன்புறம் மிகுந்திருந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்தும்; அது முன்பாரம். பின்புறம் மிகுந்திருந்தால் நுகம் மேலெழுந்து எருதின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். மூட்டைகளின் தொகை மாறவில்லை; அவை இருந்த இடமே மாறிற்று. அம்மாற்றம் ஒன்றே எருதுக்கு நலமாகவோ துன்பமாகவோ முடிந்தது. மிக மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உண்மையை வள்ளுவப் பெருந்தகை 'வலியறிதல்' அதிகாரத்தில் எடுத்துக்காட்டியதும் நேயர்கள் அறிந்ததே. வள்ளுவர் பாரத்தின் அளவைச் சொன்னார். வண்டிக்காரர் பாரத்தின் இடத்தையும் சேர்த்துச் சொன்னார். இக்காலத்து இழுவை வண்டிக்கும் இவ்விரண்டுமே அடிப்படை.

பாரத்தின் இடத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே ஒரு பெருஞ் சான்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தில் மிதக்கும் கப்பற்றுறை ஒன்றை நிறுவியிருந்தது. பழுதுபார்க்க வேண்டிய கப்பலை நீரிலிருந்து மேலே தூக்கும் அமைப்பு அது. அதன் அடியிலுள்ள தொட்டிகளில் நீரை நிரப்பினால் துறை தாழும்; கப்பல் உள்ளே நுழையும்; பின்னர் நீரை வெளியேற்றினால் துறை கப்பலையும் ஏந்திக்கொண்டு மேலெழும். 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் 'வேலியண்ட்' என்னும் போர்க்கப்பல் அதில் ஏற்றப்பட்டது. 30,000 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய கப்பல் அது. அதனைத் தாங்கும் ஆற்றல் துறைக்கு இருந்தது. ஆனால் கப்பலின் பாரம் நடுப்பகுதியில் அழுந்தி நிற்க, இரு முனைகளிலும் இருந்த தொட்டிகளின் நீர் அளவுக்கு மீறி வெளியேற்றப்பட்டது. முனைகள் மேலெழ முயன்றன. நடுப்பகுதி கீழே அழுந்திற்று. துறையின் முதுகு முறிந்தது. கப்பலின் சுக்கானும் சுழலிகளும் சேதமுற்றன. அக்கப்பல் அதன் பின்னர்ப் போர்முனைக்குத் திரும்பவே இல்லை.

மொத்த ஆற்றல் போதுமானதாக இருந்தும் பாரம் பகிரப்பட்ட முறையில் நேர்ந்த பிழையால் வந்த அழிவு இது. பொறியியலறிஞர் பலர் கூடிய இடத்திலேயே இது நிகழக்கூடுமெனில், சீமெந்து ஏற்றும் முற்றத்தில் நாள்தோறும் நிகழக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, இழுவை வண்டியையும் ட்ரெயிலரையும் இணைக்கும் உறுப்பைக் காண்போம். இழுவை வண்டியின் பின்புறத்தில், பின்னச்சுக்கு மேலாக, எண்ணெய்ப்பசை பூசப்பட்ட வட்டமான இரும்புத் தட்டு ஒன்று கிடையாக இருக்கும். அதற்கு 'ஐந்தாம் சில்லு' என்று பெயர். அது நிலத்தில் உருளுவதில்லை. அவ்வாறாயின் சில்லு என்பானேன்? முற்காலத்து நான்கு சில்லுக் குதிரை வண்டிகளில், முன்னச்சு இடமும் வலமும் திரும்புதற்காக அதன்மேல் ஒரு வளையம் கிடையாகப் பொருத்தப்பட்டிருந்தது. பார்வைக்கு அது ஐந்தாவது சில்லுப் போலத் தோன்றியதால் அப்பெயர் வழங்கிற்று. குதிரை போய் எஞ்சின் வந்தபின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

ட்ரெயிலரின் முன்புறத்து அடியில் தடித்த உருக்கு ஆணி ஒன்று கீழ்நோக்கி நிற்கும். அதுவே கிங்பின். இழுவை வண்டி பின்னோக்கி நகரும்போது இவ்வாணி தட்டிலுள்ள பிளவினுள் நுழைந்து, இரும்புத் தாடைகளால் இறுகப் பற்றப்படும். உலகெங்கும் பெரும்பாலான ட்ரெயிலர்களில் இவ்வாணியின் விட்டம் 50 மில்லிமீற்றர்; மிகப் பெரும் பாரங்களுக்கு 90 மில்லிமீற்றர். தட்டும் ஆணியும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்ப்பது வாங்குபவரின் முதற் கடமைகளுள் ஒன்று.

இவ்வகை ட்ரெயிலர் பிறந்த கதையும் துறைமுகத்து மக்களுக்குச் சுவையளிப்பதே. 1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெற்றோயிற் நகரத்து மரவியாபாரி ஒருவர் தம் படகைத் தரைவழியே கொண்டு செல்ல விரும்பினார். குதிரை வண்டிகள் செய்துவந்த ஓகஸ்ட் புரூஹோவ் என்னும் கொல்லர், அவருடைய போர்ட் மோட்டார் வண்டியின் பின்னே இணைப்பதற்கு இரண்டு சில்லுகள் கொண்ட வண்டியொன்றைச் செய்து கொடுத்தார். அதன் பின்பாதி தன் சில்லுகளிலும், முன்பாதி மோட்டார் வண்டியின் முதுகிலும் தங்கிற்று. படகைச் சுமந்தது மரத்தையும் சுமந்தது. பின்னர் உலகத்துச் சரக்கையெல்லாம் சுமக்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது.

ட்ரெயிலரின் முன்பாதி இழுவை வண்டியின் முதுகில் தங்குகிறது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. கயிறு கட்டி இழுக்கும் வண்டிக்கும் இதற்கும் வேறுபாடு அதுவே. ஆதலின் வண்டியின் ஆற்றலை ஓர் எண்ணால் அறிய முடியாது. வண்டியின் கதவருகிலோ சட்டத்திலோ பதிக்கப்பட்டிருக்கும் சிறு தகட்டில் மூவகை எண்கள் இருக்கும். ஒன்று, இழுவை வண்டி தன் முதுகுப் பாரத்தோடு சேர்ந்து நிற்கக்கூடிய மொத்த நிறை. இரண்டு, இழுவை வண்டி, ட்ரெயிலர், சரக்கு ஆகிய யாவும் சேர்ந்த கூட்டு நிறை. மூன்று, ஒவ்வோர் அச்சும் தாங்கக்கூடிய தனி நிறை. தரகர் விரும்பிக் கூறுவது கூட்டு நிறையை. ஏனெனில் அதுவே மிகப் பெரிய எண். வண்டியை முறிப்பது பெரும்பாலும் மூன்றாவது எண்ணை மீறுதல்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். சீனக்குடாவிலிருந்து சீமெந்து ஏற்றிச் செல்லும் வண்டியொன்றைக் கருதுக. இழுவை வண்டிக்கு முன்னே ஓர் அச்சும் பின்னே ஓர் அச்சும் உண்டு. வெறுமையாக அதன் நிறை 7.2 தொன்; முன்னச்சில் 4.8, பின்னச்சில் 2.4. ட்ரெயிலரின் வெறுநிறை 6 தொன். அதில் 50 கிலோகிராம் கொண்ட 480 மூட்டைகளை ஏற்றினால் சரக்கு 24 தொன். ட்ரெயிலரும் சரக்கும் சேர்ந்து 30 தொன். மூட்டைகளைச் சீராக அடுக்கினால் இதில் 20 தொன்னை ட்ரெயிலரின் சொந்தச் சில்லுகளும் 10 தொன்னைக் கிங்பின் வழியாக இழுவை வண்டியும் ஏற்கும் என்று கொள்வோம்.

இழுவை வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 3.6 மீற்றர், ஐந்தாம் சில்லு பின்னச்சுக்கு 0.6 மீற்றர் முன்னே இருக்கிறது. அவ்வாறாயின் அந்தப் 10 தொன்னில் ஆறிலொரு பங்கு முன்னச்சுக்கும் எஞ்சியது பின்னச்சுக்கும் செல்லும். முன்னச்சில் ஏறத்தாழ 6.5 தொன், பின்னச்சில் ஏறத்தாழ 10.7 தொன். பின்னச்சின் எல்லை 11.5 தொன் என்று தகடு கூறுமாயின் வண்டி பாதுகாப்பாகப் புறப்படலாம்.

அதே நாளில், அதே வண்டியில், அதே 480 மூட்டைகளை மழைக்கு அஞ்சி விரைவாக ஏற்றுகிறார்கள் என்க. பின்புறம் அடுக்க வேண்டிய 100 மூட்டைகள் 4 மீற்றர் முன்னே அடுக்கப்பட்டுவிட்டன. கிங்பின்னுக்கும் ட்ரெயிலர் அச்சுகளின் நடுவுக்கும் உள்ள தூரம் 8 மீற்றர். ஐந்து தொன் பாரம் அத்தூரத்தில் பாதியளவு முன்னே நகர்ந்தமையால், அதன் பாதியான 2.5 தொன் புதிதாகக் கிங்பின்னில் ஏறுகிறது. இப்போது பின்னச்சில் 12.8 தொன். எல்லையைக் கடந்து 1.3 தொன் மிகை. எடைப்பாலத்தில் முழு வண்டியையும் நிறுத்தால் முன்பு காட்டிய அதே 37.2 தொன்தான் காட்டும். தாளிற் குற்றமில்லை, அச்சிற் குற்றம். 1944இல் மிதக்கும் துறைக்கு நேர்ந்ததும் இத்தகைய பிழையே.

பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். அந்த 100 மூட்டைகள் பின்னே போய்விட்டால் கிங்பின் பாரம் 7.5 தொன்னாகக் குறையும். பின்னச்சில் ஏறத்தாழ 8.7 தொன்னே நிற்கும். பாரம் குறைந்தது நன்மைதானே என்று எண்ணுதல் தவறு. வண்டியை முன்னே தள்ளுவது பின்சில்லு நிலத்தைப் பற்றும் பிடி. அப்பிடி, சில்லின்மேல் அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. மாரிமழையில் சேறு படிந்த பாதையில் அப்பிடி, அழுத்தும் பாரத்தின் பத்தில் மூன்று பங்களவுக்கும் தாழலாம். அப்போது 8.7 தொன் பாரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 2.6 தொன். நூற்றுக்கு ஆறு என்னும் ஏற்றத்தில் 37 தொன் வண்டியை ஏற்றுதற்கு ஏறத்தாழ 2.5 தொன் விசை வேண்டும். இரண்டும் ஏறக்குறையச் சமம். சிறிது சறுக்கினாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். அவ்வேளையில் எஞ்சின் முந்நூறு பரிவலுவாயினும் ஐந்நூறு பரிவலுவாயினும் ஒன்றே. சில்லு நின்ற இடத்திற் சுழலுமேயன்றி வண்டி நகராது.

ஒரு பின்னச்சா, இரு பின்னச்சுகளா என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது. இரு பின்னச்சுகளும் எஞ்சினால் இயங்கும் வண்டிக்குப் பத்து டயர்கள். ஒரு பின்னச்சு வண்டிக்கு ஆறே டயர்கள். பத்து டயர் வண்டி தன் சொந்த நிறையிலும் மிகும். எரிபொருளையும் மிகுதியாகக் குடிக்கும். திருப்பங்களில் டயர் தேயும். ஆனால் முதுகுப் பாரம் இரண்டு அச்சுகளுக்குப் பகிரப்படும். சேற்றிலும் மணலிலும் பிடி மிகும். துறைமுகத்துக்கும் அருகிலுள்ள களஞ்சியத்துக்கும் இடையே தார்ச்சாலையில் மட்டும் ஓடுவதற்கு ஒரு பின்னச்சு போதும். நிறை மிகுந்த கொள்கலன்களை நாடு முழுதும் கொண்டு செல்வதற்கும், புல்மோட்டைப் பக்கத்து மணற்பாங்கான தடங்களில் இறங்குவதற்கும் இரு பின்னச்சு வண்டியே தக்கது. நாற்பது அடிக் கொள்கலன் ஒன்று சரக்கோடு 30 தொன்னுக்கு மேலும் நிறையுடையதாக இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. இருபது அடிக் கொள்கலனும் அதே அளவு நிறையைக் குறுகிய இடத்தில் அடக்கக்கூடும். ட்ரெயிலரின் எந்த இடத்தில் அது வைக்கப்படுகிறது என்பது அப்போது இன்னும் முதன்மை பெறும்.

இனி எஞ்சினுக்கு வரலாம். சமதரையில், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், 37 தொன் வண்டியை ஓட்டுவதற்கு நூறு பரிவலுவுக்கும் குறைவாகவே போதும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். டயரின் உருளல் தடையும் காற்றின் தடையும் அவ்வளவு சிறியவை. ஏற்றம் வந்தாற் கணக்கு மாறும். நூற்றுக்கு ஐந்து என்னும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் வேண்டுமாயின் 230 பரிவலு வரை தேவை. 15 கிலோமீற்றர் போதுமென்றால் அதிற் பாதி. ஆகவே பரிவலு என்பது ஏற்றத்தை எவ்வளவு விரைவாகக் கடக்கலாம் என்பதைச் சொல்லும் அளவு. ஏற முடியுமா என்பதைச் சொல்வது, எஞ்சினின் முறுக்கு விசையும் அதனைப் பெருக்கிக் கொடுக்கும் கியர் அமைப்பும். முதற் கியரும் பின்னச்சின் பற்சில்லு விகிதமும் ஆழமாக இருந்தால், அடக்கமான எஞ்சினும் பெரும் பாரத்தை நிலையிலிருந்து கிளப்பும். விகிதம் உயர்ந்த விரைவு வண்டியோ கிளட்சைக் கருக்கிவிடும். குளிர்நாட்டு அகன்ற நெடுஞ்சாலைக்கென அமைந்த வண்டியொன்றைப் பழைய வண்டியாக வாங்கும்போது இவ்விகிதத்தைக் கேட்டறிதல் அவசியம். வைகாசி, ஆனி மாதங்களின் வெயிலில் மெதுவாக ஏறும் வண்டிக்குக் குளிர்நீர்த் தொட்டியும் விசிறியும் போதுமானவையா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஏறுவதினும் இறங்குவது கடினம். திருகோணமலையிலிருந்து ஹபரணை வரை பாதை பெரும்பாலும் சமமானது. ஆயினும் சீனக்குடாவின் மாவும் சீமெந்தும் மலைநாட்டுக்கும் வேண்டியவையே. கண்டி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. மலையில் ஏறிய பாரமெல்லாம் இறங்கும்போது வண்டியைத் தள்ளும் விசையாக மாறும். அவ்விசையைப் பிரேக்கால் மட்டும் அடக்க முயன்றால் பிரேக் காய்ந்து, பிடி தளர்ந்து, இறுதியிற் பயனற்றுப்போகும். ஆதலின் எஞ்சினாலேயே வேகத்தை அடக்கும் எஞ்சின் பிரேக் செம்மையாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலோ அதனினும் தாழ்ந்த கியரிலோ இறங்கவேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. அது இன்றும் மாறவில்லை.

சமதரையிலும் நிறுத்தும் ஆற்றல் உயிர் காப்பது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டு யானைகள் சாலையைக் கடப்பது வழக்கம். இரவில் வளைவொன்றின் பின்னே கரிய உருவம் நிற்கும்போது சாரதிக்குக் கிடைப்பது சில விநாடிகளே. வேகம் 40 கிலோமீற்றரிலிருந்து 60 கிலோமீற்றராக உயர்ந்தால், வண்டியில் அடங்கிய இயக்கசக்தி ஒன்றரை மடங்காக அன்று, இரண்டேகால் மடங்காக உயர்கிறது. நிறுத்தும் தூரமும் அதற்கேற்ப நீளும். அதனோடு, இழுவை வண்டியின் பின்சில்லுகள் பிரேக்கில் இறுகிச் சறுக்கினால், பின்னே வரும் 30 தொன் பாரம் அதனைப் பக்கவாட்டில் தள்ளி, பேனாக் கத்தி மடிவதுபோல் இரு வண்டிகளையும் மடித்துவிடும். ட்ரெயிலரின் பிரேக்கும் இழுவை வண்டியின் பிரேக்கும் ஒத்து இயங்குதல் இதனாலேயே இன்றியமையாதது. இரண்டுக்கும் இடையே செல்லும் காற்றுக் குழாய்களுள் சிவப்புக் குழாய் எப்போதும் அழுத்தத்துடன் இருக்கும். அது அறுந்தால் ட்ரெயிலரின் பிரேக் தானாகவே இறுகும். காற்று இல்லாதபோது வண்டி ஓடாது நிற்பதற்கான காவல் அது. பழைய வண்டியில் காற்றுத் தாங்கி விரைவாக நிரம்புகிறதா, நிரம்பியபின் கசிகிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுச் செவிகொடுத்துக் கேட்டாலே பாதிச் சோதனை முடிந்துவிடும்.

வண்டி தாங்கினால் மாத்திரம் போதாது, வழியும் தாங்கவேண்டும். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து ஒட்டாவா நகரின் அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ் சோதனை நடைபெற்றது. பல்வேறு நிறையுள்ள லொறிகளை அதற்கென அமைத்த சாலைகளில் இடைவிடாது ஓட்டிப் பார்த்தார்கள். சாலையின் தேய்வு அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கைப் பொறுத்து மிகுகிறது என்பது அதில் அறியப்பட்ட உண்மை. மேலே கூறிய சீமெந்து வண்டியில், பின்னச்சுப் பாரம் 10.7 தொன்னிலிருந்து 12.8 தொன்னாக உயர்ந்தபோது அந்த அச்சு சாலைக்கு இழைத்த தீங்கு ஏறத்தாழ இருமடங்காயிற்று. மூட்டைகளின் தொகையோ ஒன்றுகூட மிகவில்லை.

பாலங்களும் இத்தகையனவே. அமெரிக்காவின் கூட்டரசு நெடுஞ்சாலைகளில் வண்டியின் மொத்த நிறைக்குப் பொது எல்லை 80,000 இறாத்தல். அதாவது ஏறத்தாழ 36 தொன். அவ்வெல்லைக்குள்ளும், அச்சுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதைப் பொறுத்தே நிறை அனுமதிக்கப்படுகிறது. பாரம் ஓரிடத்திற் குவிந்தால் பாலம் வருந்தும், பரந்தால் தாங்கும். திருகோணமலை மக்களுக்குப் பாலத்தின் அருமை தெரியும். 2009ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அந்நீர்ப்பரப்பைக் கடக்க ஓடத்தையே நம்பியிருந்தவர்கள் அவர்கள். பாலத்தருகே நாட்டிய நிறைப் பலகையைக் கண்டும் காணாததுபோற் செல்லும் வண்டி, ஓர் ஊரின் வழியையே பணயம் வைக்கிறது.

கந்தளாயின் நினைவு இதனினும் துயரமானது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது, கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் வெள்ளத்திற் போயின. வயல்களும் வீடுகளும் அழிந்தன. அவ்வுடைப்புக்குப் பின்னர்ச் சொல்லப்பட்ட காரணங்களுள், மிகக் கனமான வண்டிகள் அணையின்மேற் சென்று வந்தமையும் ஒன்று. மண்ணாலான அணை தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. முறியும் அச்சு ஓசை எழுப்பும். உள்ளே தளரும் மண்ணோ ஓசையின்றித் தளரும். கனரக வண்டியின் உரிமையாளருக்குத் தம் வண்டியைப் பற்றிய பொறுப்போடு, அது மிதித்துச் செல்லும் நிலத்தைப் பற்றிய பொறுப்பும் உண்டு என்பதை அந்த ஊர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இனி, பழைய வண்டியை வாங்குபவர் செய்யவேண்டிய சோதனைகளைச் சுருக்கமாகக் கூறலாம். திருகோணமலையின் கடற்காற்று உப்புடையது. வண்ணம் புதிதாகப் பூசப்பட்ட சட்டத்தின் அடியில் துரு மறைந்திருக்கலாம். அச்சும் விற்களும் பொருந்தும் இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். ஐந்தாம் சில்லின் தாடைகள் தேய்ந்திருந்தால் கிங்பின் உள்ளே ஆடும்; புறப்படும்போதும் நிற்கும்போதும் 'டக்' என்னும் ஓசை முதுகில் இடிக்கும். ட்ரெயிலரை இணைத்தபின் தட்டுக்கும் ட்ரெயிலரின் அடித்தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியலாகாது. பின்னர் ட்ரெயிலரின் பிரேக்கை இறுக்கிவிட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாக முன்னோக்கி இழுத்துப் பார்க்கவேண்டும்; தாடை சரியாகப் பற்றியிருந்தால் இணைப்பு விலகாது. தட்டின் உயரம் ட்ரெயிலருக்கு மிகுந்திருந்தால் ட்ரெயிலர் பின்னே சாய்ந்து தன் பின்னச்சுகளை வருத்தும். தாழ்ந்திருந்தால் முன்னே சாயும். இவற்றுள் எதற்கும் பெரும் கருவிகள் வேண்டுவதில்லை. அரை நாட் பொறுமை வேண்டும். ட்ரெயிலரையும் உடன்கொண்டு சென்று பார்க்கும் முன்யோசனை வேண்டும்.

கேள்விகளின் முறையையும் இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். ஏற்றப்போகும் சரக்கு யாது, அதன் நிறை எவ்வளவு என்பது முதற் கேள்வி. அதில் எவ்வளவு இழுவை வண்டியின் முதுகில் இறங்கும், அதனை ஒவ்வோர் அச்சும் தாங்குமா என்பது இரண்டாவது. எவ்வழியில் ஓடும், அவ்வழியில் ஏற்றமும் இறக்கமும் பாலமும் எவ்வாறுள்ளன என்பது மூன்றாவது. அதனை நிறுத்தும் பிரேக் உண்டா என்பது நான்காவது. இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்தபின் பரிவலுவைக் கேட்கலாம். அப்போது வேண்டிய பரிவலுவும் தானாகவே தெளிவாகிவிடும். சரக்கிலிருந்து தொடங்கி வண்டிக்கு வருபவர் ஏமாறுவதில்லை. வண்டியிலிருந்து தொடங்கிச் சரக்கைத் தேடுபவர், கடன் தவணைக்கு அஞ்சி, தாங்கக்கூடியதற்கு மேல் ஏற்றத் தொடங்குகிறார். ஒரு முறை ஏற்றி ஒன்றும் நேராவிட்டால் அதுவே வழக்கமாகிறது.

அந்த வழக்கத்தின் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் உரிமையாளர் அல்லர். இரவு முழுதும் விழித்திருந்து ஓட்டும் சாரதி, அருகில் அமர்ந்து உறங்கும் உதவியாள், எதிரே மிதிவண்டியில் வரும் ஏழை, அணையின் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பம் ஆகிய இவர்களே செலுத்துகிறார்கள். வண்டியைத் தேர்வது பணக் கணக்கு என்று தோன்றினாலும், அதனுள்ளே இத்தனை பேருடைய வாழ்வும் அடங்கியிருக்கிறது.

மூட்டை ஏற்றி முடிந்ததும் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த வண்டிக்காரரிடம் எடைப்பாலம் இருக்கவில்லை, தகடும் இருக்கவில்லை. தம் எருதின் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்திருந்தார். அதற்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றமாட்டார். இக்காலத்து வண்டிக்கு நூறு எருதுகளின் வலு உண்டு. நுகத்தைத் தூக்கிப் பார்க்கும் அந்தக் கை மட்டும் இன்றும் மனிதரிடமே இருக்கவேண்டும்.